நிறையை எழுதினீர்கள், வாசிக்கவில்லை: புற்றுநோய் வாட்டுகளுக்கும் மருந்து அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் இருப்பவர்களே, ஆயுர்வேதத் திணைக்களத்தில் இருப்பவர்களே, கொழும்பிலும் அதைச் சுற்றியும் புற்றுநோய் கிளினிக் நடத்தும் டொக்டர்மாரே, வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன்.

என் அப்பாவின் கிளினிக் கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் மிஸ் ஒருவர் அவரைத் தராசில் ஏற்றி நிறையை எழுதுவார், பிரஷரை எழுதுவார், பிறகு வாங்கில் போய் இருக்கச் சொல்வார். 64, 62, 60.5, 58, 55. நான்கு மாதத்துக்குள் எழுதப்பட்ட ஐந்து எண்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையெழுத்து. எழுதும் வேலை ஒருநாளும் தவறவில்லை. ஆனால் அந்த ஐந்தையும் மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்து, இந்த மனுசனுக்கு என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். எந்த மருத்துவமனை, எந்த டொக்டர் என்று நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இது ஒரு இடத்துப் பிழை என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய். மெலிகிறார் என்று சொன்னபோதெல்லாம் வந்த பதில் ஒன்றுதான்: "நல்லாச் சாப்பிடக் குடுங்கோ." அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பி இலைக்கஞ்சி காய்ச்சுவா, முட்டை அவிப்பா, பாலில் மாவைக் கரைப்பா, மத்தியானம் மீன் சொதி வைத்துச் சோற்றைக் குழைத்துக் கொண்டுபோவா. அப்பா மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளுவார். அம்மா கெஞ்சுவா, பிறகு கோபப்படுவா, பிறகு குசினிக்குள் போய் அழுவா. நாற்பத்தொரு வருடம் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பேர் கடைசி மாதங்களில் தட்டுச் சோற்றை வைத்துச் சண்டை பிடித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேண்டுமென்றே சாப்பிடாமல் விடுகிறார் என்று அம்மா நினைத்தா. தான் சமைப்பது பிடிக்கவில்லையோ என்றும் நினைத்தா. இன்றைக்கும் அந்த எண்ணம் அவவை விட்டுப் போகவில்லை.

அப்பா போன பிறகுதான் நான் வாசிக்கத் தொடங்கினேன். அவருக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது: கக்கெக்சியா. 2011இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி அதற்கு ஒரு வரையறை எழுதினார்கள். ஆறு மாதத்துக்குள் உடல் நிறையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் குறைந்தால், அது இந்த நோய். ஏற்கனவே மெலிந்த ஆளென்றால் 2 பங்குக்கு மேல் குறைந்தாலே போதும். 64 கிலோவில் 5 பங்கு என்றால் 3.2 கிலோ. அப்பா அந்தக் கோட்டை மூன்றாவது வரவிலேயே தாண்டிவிட்டார், உங்கள் கொப்பியிலேயே இருக்கிறது, 60.5. அதே வரையறையில் இன்னொரு வரியும் இருக்கிறது: இதில் தசை தொடர்ந்து கரைந்துகொண்டே போகும், சாதாரணமாகச் சாப்பாட்டைக் கூட்டுவதால் மட்டும் அதை முழுதாகத் திருப்ப முடியாது. இந்த ஒரு வரியை யாராவது அம்மாவிடம் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் எத்தனை சண்டை நடக்காமல் போயிருக்கும்!

விளங்கின அளவில் சொல்கிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். பட்டினி கிடக்கும் உடம்பு முதலில் கொழுப்பை எடுத்து, தசையை முடிந்தவரை காப்பாற்றப் பார்க்கும். புற்றுநோயில் கட்டியும், அதை எதிர்க்கும் உடம்பும் சேர்ந்து அழற்சியைக் கிளப்பும் புரதங்களை இரத்தத்தில் கொட்டுகின்றன. டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற புரதத்துக்கு 1980களில் கக்கெக்டின் என்றே ஒரு பெயர் இருந்தது, ஆளை உருக்குவது என்பதால். இன்டர்லூக்கின் 6 இன்னொன்று. இவை தசைக்குள் போய் என்எஃப்-கப்பா-பி என்ற ஆளியைப் போட்டுவிட, 2001இல் கண்டுபிடிக்கப்பட்ட அட்ரோஜின் 1, மர்ஃப் 1 என்ற இரண்டு நொதிகள் தசைப் புரதங்களுக்கு "இதை உடை" என்று அடையாளம் ஒட்டிவிடுகின்றன, கலத்துக்குள் இருக்கும் புரோட்டியசோம் அவற்றை நறுக்கித் தள்ளுகிறது. இன்னொரு பக்கம் ஜிடிஎஃப் 15 என்ற புரதம் மூளையின் அடியில் போய்ப் பசியையே நிறுத்துகிறது. அப்பா தட்டைத் தள்ளியது அவருடைய பிடிவாதம் இல்லை, அம்மாவின் சமையலும் இல்லை.

சரி, மூலிகைக்கு வருகிறேன்.

கிளினிக்கில் பெயர் சொல்லப்படாத ஒரு நோய்க்கு வெளியில் ஆயிரம் பேர் மருந்து சொல்வார்கள். கொட்டாஞ்சேனை மாமி முள் அன்னமுன்னா இலை கொண்டுவந்தா, சிங்களத்தில் கட்டு அனோதா என்பார்களே, அதுதான், அவித்துக் குடித்தால் கட்டி கரையும் என்று. புறக்கோட்டை கேபோஸ் ஒழுங்கையில் நானே வரிசையில் நின்று அமுக்கிராக் கிழங்குப் பொடி வாங்கினேன். பிறகு தெரிந்தவர் ஒருவர் மூலம் மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் சேர்த்த குளிசை வந்தது, ஒரு போத்தல் 11,000 ரூபா, "தசை திரும்ப வளரும், ஆராய்ச்சியில் நிரூபிச்சது" என்று சொல்லி. போத்தலில் தமிழில் ஒரு எழுத்துக்கூட இல்லை. இரண்டு போத்தல் வாங்கினோம். மூன்றாவது போத்தலுக்கு முன் கீமோ ஒன்று தள்ளிப்போனது, இரத்தத்தில் ஈரல் நொதிகள் ஏறிவிட்டன என்று. என்ன சாப்பிடுகிறீர்கள், வேறு ஏதாவது எடுக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஏசுவார்கள் என்ற பயத்தில் நாங்களும் சொல்லவில்லை. அந்தக் குளிசைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, கீமோவும் அதைச் செய்யும், ஈரலுக்குப் பரவிய நோயும் செய்யும். ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை, சொல்லியிருக்க வேண்டிய பதிலை நாங்கள் விழுங்கிக்கொண்டோம்.

நான் மூலிகைக்கு எதிரி இல்லை. காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடித்து வளர்ந்தவள். வின்கிறிஸ்டின் எங்கிருந்து வந்தது? நம் வீட்டு வாசல்களில் நிற்கும் பட்டிப்பூவிலிருந்து. பக்லிடக்சல் ஒரு மரப்பட்டையிலிருந்து. ஆகவே "இலை தழையில் என்ன இருக்கிறது" என்று எந்த டொக்டராவது சொன்னால் அவருடைய கீமோ அறையையே காட்டிக் கேட்கலாம். ஆனால் பட்டிப்பூவை அவித்துக் குடித்து யாருக்கும் இரத்தப் புற்றுநோய் மாறவில்லை. அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அளந்து, எவ்வளவு கொடுத்தால் நரம்பு பாதிக்கும் என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் அது மருந்தானது. தசை உருகலுக்குச் சொல்லப்படும் மூலிகைகள் இன்னும் அந்தத் தூரத்தை நடக்கவில்லை, நடக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மஞ்சளையே எடுங்கள். அதன் சத்தான குர்குமின் என்எஃப்-கப்பா-பி ஆளியை அடக்குகிறது என்பது ஆய்வுகூடத்தில் பலமுறை பார்த்த விஷயம், புற்றுக்கட்டி உண்டாக்கிய எலிகளில் தசை கரைவது குறைந்ததாகவும் ஆய்வுகள் இருக்கின்றன. அது பொய் இல்லை. ஆனால் மனிதன் வாயால் எடுக்கும் குர்குமினில் மிகக் கொஞ்சமே இரத்தத்துக்குள் போகிறது. கணையப் புற்றுநோயாளருக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் கொடுத்துப் பார்த்தபோதும் இரத்தத்தில் அளவு சொற்பம்தான். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் 3 பங்கு, அந்த 8 கிராமைத் தூளாகத் தின்பதென்றால் தினமும் கால் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்! பிறகு 2016இல், அப்படிக் குர்குமின் எடுத்த கணையப் புற்றுநோயாளரின் ஸ்கேன்களை எடுக்காதவர்களின் ஸ்கேன்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எடுத்தவர்கள்தான் கூடுதலாக நிறை இழந்திருந்தார்கள். சிறிய ஒப்பீடு, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் "தசை வளரும், நிரூபிச்சது" என்று 11,000 ரூபாவுக்கு விற்ற ஆள் இந்த ஆய்வைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

மிளகு ஏன் சேர்க்கிறார்கள் என்பதும் முக்கியம். 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வொன்றில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பரின், அதாவது மிளகின் சத்து, சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்துக்குள் போன குர்குமின் இருபது மடங்கு கூடியது. எல்லாப் போத்தலிலும் இந்த எண்தான் விளம்பரம். ஆனால் அது எப்படிக் கூடுகிறது? குடலும் ஈரலும் வேற்றுப் பொருளை உடைத்து வெளியேற்றும் வழியைப் பிப்பரின் அடைக்கிறது. அதே வழியால்தான் எத்தனையோ மருந்துகளும் போகின்றன. ரொட்டர்டாமில் மார்புப் புற்றுநோய்க்குத் தமொக்சிஃபன் எடுக்கும் பெண்களிடம் 2019இல் பார்த்தார்கள், குர்குமினும் பிப்பரினும் சேர்ந்து எடுத்தபோது உடம்பு மாற்றியெடுக்கும், அந்த மருந்தின் வேலை செய்யும் வடிவம் இரத்தத்தில் நூற்றுக்கு 12 பங்கு அளவில் குறைந்தது. அமெரிக்காவில் மஞ்சள் குளிசையால் ஈரல் பாதித்த 10 பேரைப் பற்றி 2022இல் எழுதினார்கள், அதில் ஒருவர் இறந்துபோனார். கறியில் போடும் மஞ்சளைப் பற்றி இல்லை இது. அதை யாரும் பயந்து நிறுத்த வேண்டாம்.

அமுக்கிராவிலும் இதே கதை. அதிலிருக்கும் வித்தாஃபெரின் ஏ சூலகப் புற்றுநோய் உள்ள எலிகளில் தசையைக் காத்தது. மனிதரில் ஈரல் பாதித்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. டென்மார்க் 2023இல் அஸ்வகந்தாவையே, அதாவது இதே அமுக்கிராவையே, தடை செய்தது. முள் அன்னமுன்னா இலையை அவித்துக் குடிக்கும் பழக்கம் உள்ள குவாதலூப் தீவில் பார்க்கின்சன் போன்ற ஒரு வருத்தம் வழமைக்கு மாறாகக் கூடுதலாக இருப்பதை 1999இல் எழுதினார்கள், அந்தச் செடியில் உள்ள அனொனாசின் நரம்புக் கலங்களைக் கொல்லும் என்று பிறகு எலிகளில் கண்டார்கள். மாமிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இலையை பஸ் ஏறிக் கொண்டுவந்திருக்க மாட்டா, அவ அப்பாவின் சொந்தத் தங்கச்சி.

மரமஞ்சள் நம் நாட்டு மருந்து, சிங்களவர் வெனிவெல்கெட்ட என்று ஒவ்வொரு வீட்டிலும் வைத்திருப்பது. அதன் சத்தான பெர்பெரின், புற்றுக்கட்டி உண்டாக்கிய எலிகளில் இன்டர்லூக்கின் 6ஐக் குறைத்து உருகலைத் தணித்ததாக ஜப்பானில் பார்த்திருக்கிறார்கள். நம் காட்டில் வளரும் கொடி. பார்க்க வேண்டியவர்கள் நாங்கள் இல்லையா?

அதே ஜப்பானில் ரிக்குன்ஷிதோ என்று எட்டு மூலிகை சேர்ந்த ஒரு பழைய மருந்து இருக்கிறது, இஞ்சி, அதிமதுரம், ஜின்செங் எல்லாம் போட்டு. அதை அங்கே ஒவ்வொரு பக்கற்றிலும் ஒரே தரத்தில் தயாரித்து, டொக்டர் எழுதிக்கொடுத்து, நாட்டுக் காப்புறுதியில் வாங்குகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹோர்மோனின் வேலையை அது கூட்டுகிறது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பாரம்பரியத்துக்கு மரியாதை செய்வதென்றால் எனக்கு இதுதான் தெரிகிறது. கஞ்சாவையும் சோதித்துப் பார்த்தார்கள். 2006இல் ஐரோப்பாவில் 243 பேரிடம், பசியிலும் வாழ்க்கைத் தரத்திலும் ஒன்றுமில்லாத குளிசைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. சோதித்ததால்தான் அதுவும் தெரியவந்தது.

இனி நான் கேட்பது.

டொக்டர்மாரே, அந்தக் கொப்பியில் நிறை எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் முதல் நாள் நிறையையும் எழுதுங்கள், ஒரு கழித்தல் கணக்குத்தான். 5 பங்கு தாண்டினால் யாராவது ஒரு சிவப்புப் பேனையால் வட்டம் போடட்டும். நோயைப் பார்க்க எப்படியும் வயிற்றுக்கு சிடி ஸ்கேன் எடுக்கிறீர்கள், இடுப்பு முள்ளந்தண்டின் மூன்றாவது எலும்பு மட்டத்தில் உள்ள ஒரு படத்தை வைத்தே உடம்பில் தசை எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடலாம், அதற்குப் புதிதாக ஸ்கேன் வேண்டாம். தசை குறைந்தவர்களைக் கீமோ கூடுதலாகத் தாக்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது "நல்லா" என்று சொல்லாமல் எண்ணில் சொல்லுங்கள். ஒரு கிலோ நிறைக்கு ஒரு நாளைக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் என்று ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் அளவு. அம்மாவுக்கு அது விளங்கியிருக்கும், அவ கடைக்கணக்கு எழுதினவ.

இன்னொன்று, இது நம் பக்கத்து ஊரில் நடந்தது என்பதால் சொல்கிறேன். புதுச்சேரி ஜிப்மரில் 124 புற்றுநோயாளருக்கு, இரைப்பை, ஈரல், கணையம், நுரையீரல் என்று, கீமோவோடு ஒலன்சபின் 2.5 மில்லிகிராம் தினமும் 12 கிழமைக்குக் கொடுத்துப் பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். நிறை 5 பங்குக்கு மேல் கூடியவர்கள் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 60 பேர், எடுக்காதவர்களில் 9 பேர். மனநோய்க்குக் கொடுக்கும் பழைய, மலிவான குளிசை அது. அதே வருடமே அமெரிக்க வழிகாட்டியிலும் சேர்ந்துவிட்டது. 2024இல் ஜிடிஎஃப் 15ஐத் தடுக்கும் பொன்செக்ரோமப் என்ற ஊசியும் 187 பேரில் நல்ல பலன் காட்டியது, அது நம் கைக்கு எப்போது வருமோ. ஒலன்சபின் எல்லோருக்கும் பொருந்தாது, தூக்கம் வரும், சீனி ஏறலாம், அதைத் தீர்மானிப்பது உங்கள் வேலை. ஆனால் அப்பாவிடம் அந்தப் பேச்சே எடுக்கப்படவில்லை. 11,000 ரூபா போத்தலைப் பற்றி எங்களுக்குச் சொல்ல ஆள் இருந்தது, இதைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

அப்புறம், ஒரு கேள்வி. "வேறு என்ன மருந்து, பொடி, கசாயம், குளிசை எடுக்கிறீர்கள்?" இதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் அச்சடித்து வரிசையில் நிற்கும்போதே கொடுங்கள். பதிலுக்கு ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை பொய் சொல்வோம்.

மருந்து அதிகாரசபைக்கும் ஆயுர்வேதத் திணைக்களத்துக்கும்: 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யுனானியையும் சேர்த்தே பார்க்கிறது, 2015ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் உணவுக்கும் மருந்துக்கும் நடுவில் நிற்கும் பொருட்களையும் தன் கைக்குள் எடுக்கிறது, உணவுச் சட்டம் 1980இலிருந்து இருக்கிறது. மூன்று சட்டம் இருந்தும் அந்தப் போத்தல் எங்கள் வீட்டு மேசைக்கு வந்தது. இதை எந்தக் கதவில் போய்த் தட்டிச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. புற்றுநோய், கட்டி, தசை என்று பெயர் சொல்லி விற்கும் எதையும் பார்ப்பதற்கு மூன்று பக்கமும் சேர்ந்த ஒரே மேசை வையுங்கள், உள்ளே என்ன சத்து எவ்வளவு, ஈயம் இருக்கிறதா என்று சோதித்து, முடிவை மூன்று மொழியிலும் போடுங்கள். 2020இல் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி விலை ஏறியபோது கலப்பட மஞ்சள் வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதே வருடக் கடைசியில் கொரோனாவுக்குப் பாணி வாங்கச் சனம் கேகாலைக்கு ஓடியதையும் பார்த்தோம். பயந்த சனம் ஓடும். சோதிக்காமல் விட்டவர்கள்தான் பொறுப்பு.

மகரகமையில் புற்றுநோய்க்கான அபேக்ஷா மருத்துவமனை இருக்கிறது. அதே மகரகமையில், நாவின்னவில், பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். மருத்துவச் சோதனைகளைப் பதியும் இலங்கைப் பதிவேடு 2006இலிருந்து இருக்கிறது. ஒரு மூலிகையை எடுங்கள், ஒன்றே ஒன்று, மரமஞ்சளோ அமுக்கிராவோ. தரப்படுத்திய சத்தாக, ஈரலை வாராவாரம் பார்த்துக்கொண்டு, நோயாளிக்கு எல்லாம் சொல்லி, சரியான உணவும் உடற்பயிற்சியும் இரு பக்கத்துக்கும் கொடுத்து, பாதிப்பேருக்கு மூலிகை, பாதிப்பேருக்கு வெறும் குளிசை என்று செய்து பாருங்கள். நிறையை மட்டும் பார்க்காமல் கைப்பிடிப் பலத்தையும் அளவிடுங்கள், அப்பாவுக்குக் கடைசியில் கேத்தலைத் தூக்க முடியாமல் போனதுதான் அவரை ஆகக் கூடுதலாக உடைத்தது. பலன் இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். அதை வாசித்து ஒரு குடும்பம் 22,000 ரூபாவை மிச்சம் பிடித்தாலும் எனக்குப் போதும்.

கிளினிக் கொப்பியும், இரண்டாவது போத்தலில் மிஞ்சின பதினேழு குளிசையும், அந்தப் பொடிப் பையும் எங்கள் அலுமாரியில் இருக்கின்றன. அம்மா எறியச் சொல்கிறா, நான் வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தயார் என்றால் சொல்லுங்கள். எந்த நாள், எந்தக் கந்தோர் என்றாலும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து,
ஒரு மகள்